ஊசியிலைக் காட்டை அழித்த அந்துப்பூச்சி: கமக்காரருக்கு ஒரு பாடம்

முன்னுரை

நெல்லையும் மரக்கறிப் பயிர்களையும் தாக்கும் பூச்சிகளைப் பற்றியே கமக்காரர் பெரும்பாலும் எம்மிடம் கேட்பதுண்டு. இப்பிரசுரத்திலோ நமது வயலிலும் தோட்டத்திலும் ஒருபோதும் காணப்படாத ஓர் அந்துப்பூச்சியின் வரலாற்றைக் கூறப்புகுகின்றோம். அது குளிர்நாடுகளிலுள்ள ஊசியிலை மரங்களைத் தின்பது. நமக்கும் அதற்கும் யாது தொடர்பு என வினவலாம். ஒரே பயிரைப் பெருநிலப்பரப்பில் இடைவிடாது வளர்த்தால் என்ன நேரும், நஞ்சு தெளிப்பதனால் எது தீரும், எது தீராது என்னும் இரு வினாக்களுக்கும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்தைக் கொண்டு விடை தருவது இப்பூச்சியின் வரலாறு. காடு வளர்ப்போர் பெரும் பொருளை இழந்து கற்றதை நாம் செலவின்றிக் கற்றுக்கொள்ளலாம்.

பூச்சியின் தோற்றமும் பெயரும்

இதனைக் கன்னியாஸ்திரி அந்து என்பர். வெண்மையான முன்சிறகுகளில் வளைந்து வளைந்து செல்லும் கருங்கோடுகள் உள்ளன. இக்கறுப்பு வெள்ளைத் தோற்றம் கன்னியாஸ்திரிகளின் உடையை நினைவூட்டியதால் இப்பெயர் வந்தது. விஞ்ஞானப் பெயர் லிமாந்திரியா மொனாக்கா என்பதாகும். வயிற்றின் பின்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும். விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ 35 முதல் 55 மில்லிமீற்றர் வரையாகும். பெண் அந்து ஆணிலும் பெரியது. உடல் முழுவதும் கருமையான வகையும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து யப்பான் வரை பரந்துள்ள குளிர்ப்பிரதேசக் காடுகளே இதன் இருப்பிடம்.

இதன் மயிர்க்கொட்டி ஸ்புரூஸ், பைன் என்னும் ஊசியிலை மரங்களையே முதன்மையாக உண்கின்றது. லார்ச், பீச், ஓக் முதலிய மரங்களையும் தின்னும். ஆயின் பேரழிவு நேர்வது ஸ்புரூஸ் காடுகளிலும், மணற்பாங்கான வளமற்ற நிலத்தில் நிற்கும் பைன் காடுகளிலுமே.

வாழ்க்கை வட்டம்

ஆண்டுக்கு ஒரு தலைமுறை மட்டுமே உண்டு. சூலை, ஓகத்து மாதங்களில் அந்துகள் பறந்து திரியும். பெண் அந்து மரப்பட்டையின் வெடிப்புகளுள் சிறு சிறு கூட்டங்களாக முட்டையிடும். ஒரு பெண் இடும் முட்டைகள் 70 முதல் 300 வரையாகும். அம்முட்டைக்குள் சில வாரங்களில் புழு உருவாகிவிடும், எனினும் வெளிவராது. பனிக்காலம் முழுவதையும் முட்டைக்குள்ளேயே கழித்து, ஏப்பிரல் இறுதியிலோ மே மாதத்திலோ மரம் துளிர்க்கும் வேளையில் வெளிப்படும்.

வெளிப்பட்ட புழுக்கள் சில நாள்கள் முட்டை இருந்த இடத்திலேயே கூட்டமாகப் பட்டையில் ஒட்டியிருக்கும். பின்னர் மரத்தின் மேலேறி இளந்துளிரைத் தின்னத் தொடங்கும். அசைத்தால் மெல்லிய நூலைவிட்டுத் தொங்கும். காற்று அந்நூலோடு அவற்றை அடுத்த மரத்திற்குக் கொண்டுசெல்லும். முதிர்ந்த புழு ஊசியிலையை நடுவில் கடித்து, ஒரு பாதியைத் தின்று மறுபாதியை நிலத்தில் வீழ்த்தும். ஆதலால் உண்பதிலும் வீணாக்குவது அதிகம். பெருந்தாக்கம் உள்ள காட்டினுள் நிற்பவருக்குப் புழுவின் எச்சம் வீழும் ஓசை மழைத்தூறல் போலக் கேட்கும். 3 முதல் 4 சென்ரிமீற்றர் வரை வளர்ந்தபின் பட்டை வெடிப்பிலே கூட்டுப்புழுவாகி, இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் அந்தாக வெளிவரும்.

ஸ்புரூஸ் மரம் ஏன் இறக்கின்றது?

இலையுதிர் மரமொன்றின் இலைகள் முழுவதும் தின்னப்பட்டாலும் அது மீண்டும் துளிர்க்க வல்லது. ஸ்புரூஸ் மரத்தின் நிலை வேறு. அது ஓர் ஆண்டின் ஊசியிலைகளைப் பல்லாண்டு தாங்கி நிற்பது. சேமித்த உணவின் பெரும்பங்கு அவ்விலைகளிலேயே உள்ளது. அவை ஒரே கோடையில் அகற்றப்பட்டால் மரம் மீள்வது அரிது. பைன் மரம் சற்று உறுதியானது. ஒரு முறை இலையிழந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். தாக்கப்பட்டு நலிந்த மரங்களைப் பட்டைவண்டுகள் நாடி வந்து, எஞ்சியவற்றையும் அழிப்பதுண்டு.

இதிலிருந்து முதற்பாடம் பெறலாம். புழு தின்னும் இலையின் அளவு ஒன்றாக இருந்தாலும், பயிருக்கு ஏற்படும் நட்டம் ஒன்றாக இருப்பதில்லை. எப்பயிர் எவ்வளவு இலையிழப்பைத் தாங்கும் என அறிந்தவனே மருந்தடிக்கும் காலத்தைத் தீர்மானிக்கத் தகுந்தவன்.

மனிதன் செய்த காடு

பண்டைக்காலத்து ஜேர்மனியின் காடுகளில் பீச், ஓக், ஸ்புரூஸ், பைன் என்பன இடத்திற்கேற்பக் கலந்து நின்றன. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விறகிற்கும் மரத்திற்கும் தட்டுப்பாடு தோன்றியது. விரைவாக வளர்ந்து நேரான மரந்தரும் ஸ்புரூஸ், பைன் என்பவற்றை ஒரே காலத்தில், ஒரே வரிசையில், பெருநிலங்களில் நடத் தொடங்கினர். வருமானம் உயர்ந்தது. கணக்கு எளிதாயிற்று. கன்னியாஸ்திரி அந்துக்கோ எல்லையற்ற விருந்து விரிக்கப்பட்டது.

1853 ஆம் ஆண்டில் கிழக்குப் பிரசியாவில் இவ்வந்துகள் பெருந்திரளாக வந்து இறங்கின. அடுத்துவந்த பத்தாண்டு காலத்தில் அங்கும் அயல்நாடுகளிலும் ஸ்புரூஸ் காடுகள் பரந்த அளவில் மடிந்தன. இறந்த மரங்களில் பட்டைவண்டு பெருகி, நின்ற மரங்களையும் தாக்கிற்று. 1889 முதல் 1891 வரை பவேரியாவில் மூனிக் நகருக்கு அண்மையிலுள்ள எபெர்சுபேர்க் காடு இவ்விதமே தாக்குண்டது. பெரும்பகுதி வெட்டி அகற்றப்பட்டது.

இப்பேரழிவிற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1886 ஆம் ஆண்டில், மூனிக் பல்கலைக்கழகத்தின் காட்டியல் பேராசிரியர் கால் கையர், கலப்புக் காட்டின் அவசியத்தை வலியுறுத்தி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். ஒரே இனத்தைக் கொண்ட காடு வருமானத்தில் சிறந்ததாகத் தோன்றினும் ஆபத்து மிக்கது என்பது அவர் கொள்கை. அறிவுரை முன்னே வந்தது. அழிவு பின்னே வந்தது. அறிவுரையை ஏற்றுக்கொண்டது அதற்கும் பின்னரே. கமத்தொழிலிலும் இவ்வொழுங்கே பெரும்பாலும் காணப்படுகின்றது.

ஒன்றை மறைக்காது கூறுதல் வேண்டும். கலப்புக் காட்டிலும் இப்பூச்சி உண்டு. அங்கும் இலையைத் தின்னும். ஆயின் அங்கே ஓரினம் நலிந்தால் வேறோரினம் நிற்கும். பூச்சியின் எதிரிகளுக்கும் அங்கே உணவும் உறைவிடமும் உண்டு. இழப்பு நேரலாம், முழுக்காடும் ஒருங்கே வெட்டவெளியாவது அரிது.

ஓர் எளிய கணக்கு

ஒரு பெண் அந்து 200 முட்டை இடுவதாகக் கொள்வோம். அவற்றில் இரண்டு மட்டும் முதிர்ந்து, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக முட்டையிடும் பருவத்தை எய்தினால், பூச்சியின் தொகை கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. அஃதாவது, சாதாரண ஆண்டொன்றில் 200இல் 198 இறந்துவிடுகின்றன. அவற்றைக் கொல்வோர் குருவிகள், வண்டுகள், ஈக்கள், குளவிகள், நோய்கள், குளிர், மழை ஆகியவையே.

198க்குப் பதிலாக 196 இறந்தன என்க. இரண்டே வேறுபாடு. ஆனால் பூச்சித்தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கும். பத்தாண்டில் ஆயிரம் மடங்கிற்கு மேலாகும். 194 இறந்தால் ஆண்டுதோறும் மும்மடங்காகி, ஐந்தாண்டில் 243 மடங்காகும். கண்ணுக்குத் தெரியாத கூலியாட்களில் சிலரை நாம் இழந்தாலும் விளைவு இத்தகையது. பூச்சிநாசினியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இக்கணக்கை நினைவிற் கொள்க.

இயற்கை எதிரிகள்

எபெர்சுவால்டு காட்டியற் பாடசாலையில் ஆசிரியராயிருந்த இராற்செபூர்க் என்பார் (1801–1871) காட்டுப் பூச்சிகளையும், அவற்றின் உடலில் வாழும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். பீடையின் எதிரியையும் பீடையைப் போலவே பெயரிட்டு அறிதல் வேண்டும் என்னும் வழக்கம் இத்தகையோரால் நிலைபெற்றது.

கன்னியாஸ்திரி அந்துவின் எதிரிகளில் மூன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன.

முதலாவது, பச்சைப் பொன்னிறம் மின்னும் ஒரு பெருவண்டு. இது மரத்தில் ஏறி மயிர்க்கொட்டிகளை வேட்டையாடும்; இதன் குடம்பியும் அவ்வாறே செய்யும்.

இரண்டாவது, வீட்டு ஈயைப் போன்ற ஓர் ஒட்டுண்ணி ஈ. இது மயிர்க்கொட்டியின் தோலின்மேல் முட்டையிடும். வெளிவரும் புழு உட்புகுந்து மயிர்க்கொட்டியைத் தின்று கொன்று, மண்ணில் இறங்கிப் பனிக்காலத்தைக் கழித்து, அடுத்த ஆண்டு ஈயாக வெளிவரும். ஆண்டுக்கு ஒரு தலைமுறையே ஆதலால் இவ்வீ பெருகுவதற்குக் காலம் வேண்டும். பீடை முன்னே ஓடும். எதிரி பின்னே வரும். இடைப்பட்ட காலத்தில் பொறுமையிழந்து நஞ்சைத் தூவினால் பின்னே வருபவன் ஒருபோதும் வந்து சேரமாட்டான்.

மூன்றாவது, ஒரு வைரசு நோய். இதன் வரலாறு தனியே கூறத்தக்கது.

மரநுனி நோய்

பெருந்தாக்கத்தின் பிற்பகுதியில் ஒரு புதுமையைக் காட்டு அலுவலர்கள் கண்டனர். ஆயிரக்கணக்கான மயிர்க்கொட்டிகள் மரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கேயே கூடி, தலைகீழாகத் தொங்கி இறந்தன. தொட்டால் தோல் கிழிந்து உள்ளிருந்து கலங்கிய நீர் வடியும். ஜேர்மனியர் இதற்கு மரநுனி நோய் எனப் பெயரிட்டனர். இந்நோய் தோன்றினால் பூச்சியின் பெருக்கம் முடிவுக்கு வந்துவிட்டது என்று அவர்கள் அறிந்துகொண்டனர்.

நோய்க்குக் காரணம் மயிர்க்கொட்டியின் உயிரணுக்களுள் பெருகும் ஒரு வைரசாகும். புழுக்கள் நெருங்கி வாழும்போது நோய் விரைவிற் பரவும். உச்சியில் இறந்த புழுவிலிருந்து ஒழுகும் நீர் கீழுள்ள இலைகளில் படிய, அவ்விலைகளைத் தின்னும் புழுக்களும் நோயுறும். நோயுற்ற புழு உச்சிக்கு ஏன் ஏறுகின்றது என்பது நெடுங்காலம் புதிராயிருந்தது. இதன் நெருங்கிய இனமான ஜிப்சி அந்துவை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், வைரசிலுள்ள ஒரு பரம்பரையலகே புழுவை மேலேறச் செய்கின்றது என 2011 ஆம் ஆண்டில் காட்டினர். தான் பரவுவதற்காக நோய் தன் இரையை உயர ஏற்றுகின்றது.

இவ்வகை வைரசுகள் மனிதனுக்கும் கால்நடைக்கும் தீங்கு செய்வதில்லை. பெரும்பாலும் ஓரினப் பூச்சியையோ அதன் நெருங்கிய இனங்களையோ மட்டும் தாக்கும். கடும் வெயிலில் அவை விரைவில் வலிமை இழக்கும்.

கட்டுப்பாட்டு முறைகளும் அவற்றின் பயனும்

தொடக்கத்தில் முட்டைகளைச் சுரண்டி எடுத்தனர். அடிமரத்தைச் சுற்றிப் பசை பூசிய பட்டி இட்டு, மேலேறும் புழுக்களைத் தடுத்தனர். பட்டிக்கு மேலேயும் முட்டைகள் இருந்தமையால் பெருந்தாக்கத்தின்போது இம்முறை காட்டைக் காக்கவில்லை. ஆயின், பட்டியில் அகப்பட்ட புழுக்களை எண்ணி, பூச்சியின் தொகையைக் கணிக்க அது உதவிற்று.

1911 ஆம் ஆண்டில் அல்பிரெட் சிம்மர்மன் என்னும் ஜேர்மன் காட்டு அலுவலர், ஆகாய விமானத்திலிருந்து காட்டின்மீது மருந்து தெளிக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்று உலகெங்கும் வழங்கும் விமானத் தெளிப்பின் முதல் எண்ணம் இப்பூச்சியை ஒழிப்பதற்காகவே தோன்றியது. 1920களில் விமானம் மூலம் கல்சியம் ஆசனேற்றுத் தூளைத் தூவினர். அந்நஞ்சு தேனீக்களையும் கொன்றது. பின்னர் டீ.டீ.ரீ. வந்தது. கிழக்கு ஜேர்மனியில் 1983, 1984 ஆண்டுகளிற்கூடக் காடுகளின்மேல் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. போலந்தில் 1978 முதல் 1984 வரை நிகழ்ந்த தாக்கம் பல இலட்சம் எக்டேயர் காட்டில் பரவிற்று.

இக்காலத்தில் முதலிடம் பெறுவது கண்காணிப்பு. பெண் அந்து ஆணை அழைக்கும் மணப்பொருள் ஜிப்சி அந்துவில் 1970 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. அதே பொருள் கன்னியாஸ்திரி அந்துவின் ஆணையும் ஈர்க்கின்றது. அதனை இட்ட பொறிகளைக் காட்டில் தொங்கவிட்டு, அகப்படும் ஆண் அந்துகளை எண்ணுவர். தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் முட்டைகளையும் கூட்டுப்புழுக்களையும் தேடி எண்ணுவர். அவையும் மிகுந்திருந்தாலே தெளிப்பைப் பற்றிச் சிந்திப்பர். தெளிக்க நேரின் மயிர்க்கொட்டிகளை மட்டும் தாக்கும் பற்றீரிய மருந்தையும் பயன்படுத்துவர். அப்பற்றீரியா இளம் புழுக்களிலேயே நன்கு வேலை செய்யும். நீண்டகாலப் பரிகாரமாக, ஒற்றையினக் காடுகளைக் கலப்புக் காடுகளாக மாற்றி வருகின்றனர்.

நமது வயலும் தோட்டமும்

நமது நாட்டில் இப்பூச்சி இல்லை. ஆயினும் இதன் பாடம் நமக்கு அந்நியமானதன்று. ஒரு குளத்தின் கீழுள்ள வயல்வெளி முழுவதிலும் ஒரே நெல்லினம், முன்பின்னாகப் பல வாரங்கள் விதைக்கப்பட்டால், கபில நிறத் தத்திக்கு அஃதொரு ஸ்புரூஸ் காடேயாகும். நஞ்சு தெளித்தபின் தத்தி முன்னிலும் பெருகுவதைப் பல நாடுகளில் கண்டுள்ளனர். தத்தியைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் முதலில் இறந்துவிடுவதே காரணம். இந்தோனேசிய அரசாங்கம் 1986 ஆம் ஆண்டில் நெற்பயிருக்கு 57 பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது இதனை உணர்ந்தே. 2018 ஆம் ஆண்டில் நமது சோளச் செய்கையைத் தாக்கிய சேனாப் படைப்புழுவும் நெடுந்தூரம் பறக்கவல்ல ஓர் அந்துவின் புழுவே என்பதையும் மறத்தலாகாது.

இங்கே என் தவறொன்றைக் கூறுவது பொருந்தும். நான் போதனாசிரியராகக் கடமையேற்ற முதலாண்டில், முதிய கமக்காரர் ஒருவர் தமது இரண்டு பரப்புத் தக்காளித் தோட்டத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். இலைகளில் புழு மலிந்திருந்தது. அன்றே மருந்தடிக்கும்படி கூறினேன். அவர் ஒரு செடியின் நுனியைச் சாய்த்துக் காட்டி, “தம்பி, இவை கறுத்துத் தொங்குகின்றனவே. செத்ததற்கும் மருந்து வேண்டுமோ?” என்றார். நான் அதனை ஊன்றி நோக்கவில்லை. “அடித்துவிடுங்கள் ஐயா, பயமில்லாமல் இருக்கலாம்” என்றேன். அவர் கடன்பட்டு மருந்து வாங்கித் தெளித்தார். சில வாரங்களில் இலைகள் வெளிறின, சிற்றுண்ணிகள் பெருகின. மீண்டும் மருந்து, மீண்டும் கடன். விளைவு முந்திய ஆண்டிலும் குறைந்தது. அச்செடிகளில் தொங்கியவை வைரசு நோயால் இறந்த புழுக்கள் என்று பின்னரே விளங்கிக்கொண்டேன். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த கூலியில்லா வேலையாளை நானே விரட்டினேன். அப்பெரியவர் என்மேல் குறை சொல்லவில்லை; அது எனக்கு மேலும் பாரமாயிற்று. மரநுனி நோயைப் பற்றி இத்துணை விரிவாக எழுதியதன் காரணம் இதுவே.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. வாரம் இருமுறை காலை வேளையில் வயலின் வரம்போரத்தை மட்டுமன்றி உட்பகுதியையும் பார்க்க. குறைந்தது பத்து இடங்களில் செடிகளைப் பரிசோதித்து, பூச்சியையும் அதன் எதிரியையும் தனித்தனியே எண்ணிக் குறித்துக்கொள்க.

2. செடியின் நுனியில் புழுக்கள் கறுத்தோ வெளிறியோ தலைகீழாகத் தொங்கினால் நோய் தொடங்கிவிட்டது என அறிக. உடனே மருந்தடியாது இரண்டு மூன்று நாள் பொறுத்து, உயிருள்ள புழுக்களை மீண்டும் எண்ணுக. அவை குறைந்துவரின் பொறுத்தலே நன்று. காய்களில் சேதம் கூடிவரின் தாமதியாது ஆலோசனை பெறுக.

3. நெல் விதைத்து முதல் 40 நாள்களுள் இலைசுருட்டிப் புழு சில இலைகளைச் சுரண்டினால் அஞ்சவேண்டா. இளநெற்பயிர் புதிய இலைவிட்டு அவ்விழப்பை ஈடுசெய்ய வல்லது.

4. ஒரு வெளியிலுள்ளோர் அனைவரும் கூடிப் பேசி ஒரே காலத்தில் விதைக்க. போகங்களுக்கிடையே நிலத்தை ஓய்வாக விடுக. ஒரே இனத்தை வெளி முழுவதும் ஆண்டாண்டாக விதையாதிருக்க.

5. மரக்கறித் தோட்டத்தில் கோவா, தக்காளி, போஞ்சி, வெங்காயம் முதலியவற்றை மாற்றி மாற்றிச் செய்கைபண்ணுக. வேலியோரத்தில் பூக்கும் செடிகள் நின்றால் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேனுணவு கிடைக்கும்.

6. மருந்தடிப்பது இன்றியமையாததாயின், புழு இளமையாயிருக்கும்போது, குறிப்பிட்ட அளவில், மாலை வேளையில் தெளிக்க. எம்மருந்து தக்கது என்பதை விற்பனையாளரிடம் கேளாது, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

7. மயிர் நிறைந்த புழுக்களை வெறுங்கையால் தொடாதிருக்க. அவற்றின் மயிர் தோலில் தினவையும் தடிப்பையும் உண்டாக்கும்.

மீட்டல் வினாக்கள்

கிராமக் கமக்காரர் அமைப்பின் கூட்டங்களில் பின்வரும் வினாக்களை எழுப்பிக் கலந்துரையாடுதல் நன்று.

(அ) இலையிழந்த பைன் மரம் பிழைக்க, ஸ்புரூஸ் மரம் இறப்பது ஏன்? உங்கள் பயிர்களில் இலையிழப்பைத் தாங்குவது எது, தாங்காதது எது?

(ஆ) 200 முட்டையில் 194 இறந்தும் பூச்சி பெருகுவது எவ்வாறு?

(இ) சென்ற போகத்தில் நீங்கள் தெளித்த மருந்தின் மொத்தச் செலவு எவ்வளவு? தெளிப்பதற்கு முன்னர் பூச்சியை எண்ணினீர்களா?

மூன்றாவது வினாவிற்கு ஒவ்வொருவரும் உண்மையான விடையைத் தமது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அடுத்த போகம் முடிந்தபின் அதே வினாவிற்கு மீண்டும் விடை எழுதி, இரண்டையும் ஒப்புநோக்குக.